'தே' என்றால் டான், 'சாயா' என்றால் சான்!

முதலில் ஒரு சின்னப் புதிர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுப் பூப்பந்து வீரர்கள் மூன்று வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்கள் இரட்டையரில் கோ வி ஷெம்மும் டான் வீ கியோங்கும். கலப்பு இரட்டையரில் சான் பெங் சூனும் கோ லியூ இங்கும். ஒற்றையரில் நமது லீ சோங் வெய். லீ சோங் வெய்யை இறுதியாட்டத்தில் வென்றவர் சீனாவின் சென் லோங். அந்த இரவில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பெருமூச்சு விடாதவர்கள் நம்மில் யார்?

புதிர் இதுதான். டான், சான், சென் என்று மூன்று பேர்கள். இவர்களில் எந்த இருவர் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள்?

சானும் சென்னும் என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? காதுக்கு அவை இரண்டும் கிட்டே கிட்டே வருகின்றன. ஆனால் விடை அதுவல்ல. டானும் சானும்தான் ஒன்று. இருவரும் சீனத்தில் தம் பெயரை எழுதினால் முதல் எழுத்து ஒரே எழுத்து. சென் லோங்குடைய எழுத்து வேறு. அது அரிதான இன்னொரு குடும்பப் பெயர்.

நம்ப முடியவில்லையா? புலாவ் செபாங் கடைத்தெருவிலோ, ரயில் பாதையைத் தாண்டி தம்பினிலோ, அலோர் காஜாவிலோ நாம் அன்றாடம் சாமான் வாங்குகிற தவுக்கேமார்களில் ஒருவர் டான், ஒருவர் சான், இன்னொருவர் சின் என்று இருப்பார்கள். மூன்று வெவ்வேறு வம்சம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவர்களுக்குள்ளே "நாமெல்லாம் ஒரே பெயர்" என்று பேசிக்கொள்வதை எத்தனை முறை கேட்டிருந்தாலும் நமக்குப் புரிந்திருக்காது.

எழுத்தை முதலில் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு பகுதி உண்டு. இடது பக்கம் ஆங்கில 'பி' எழுத்தைப் போல ஒரு வளைவு. அதைச் சீனர்கள் 'காது' என்று செல்லமாகச் சொல்வார்கள். வலது பக்கம் இருப்பது 'கிழக்கு' என்ற எழுத்து. ஆகவே ஒரு சீனரிடம் "நீங்கள் எந்தச் சென்?" என்று கேட்டால், "காது-கிழக்குச் சென்" என்று பதில் வரும். நாம் "மூனு சுழி ண-வா, ரெண்டு சுழி ன-வா" என்று கேட்டுக்கொள்கிறோமே, அதைப் போலத்தான். இந்த எழுத்துக்கு 'பரப்பி வைத்தல்' என்றும் 'பழையது' என்றும் பொருள் உண்டு. சீன மருந்துக் கடையில் காய்ந்து கருத்த ஆரஞ்சுத் தோலை விற்கிறார்களே, அதன் பெயரிலும் முதலில் நிற்பது இதே எழுத்துதான். பழைய தோல் என்று அர்த்தம்.

இனி இந்த ஓர் எழுத்தைப் பல ஊர்க்காரர்கள் வாசிக்கும் அழகைப் பாருங்கள். மண்டரின் பேசுவோர் 'சென்' என்கிறார்கள். கந்தோனியர் 'சான்'. ஹக்காக்காரர் 'சின்'. ஹொக்கியன்காரர் 'டான்'. தியோச்சு நாவில் அது 'டாங்' என்று முடிகிறது. சித்தியவானிலும் சிபுவிலும் நிறைந்திருக்கும் பூச்சோவ் மக்களிடம் 'திங்'. வியட்நாமில் 'ட்ரன்'. கொரியாவில் 'ஜின்'. ஜப்பானில் வாசித்தால் 'சின்'. ஒரே விதை, ஏழெட்டுப் பழம்!

சரி, 'ச' எங்கே, 'ட' எங்கே? இரண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று கேட்பீர்கள். இதற்கு விடை நமது ஒட்டுக்கடை மேசையிலேயே இருக்கிறது.

மேசைமேல் இருக்கும் தேத்தண்ணி

காலையில் எழுந்ததும் நாம் கேட்பது என்ன? தே. மலாய்க்காரரும் தே என்கிறார். தமிழில் அந்த இலைக்குத் தேயிலை என்று பெயர். ஆனால் மலையாளத்து அன்பர் கடையில் போய் உட்கார்ந்தால் அதையே சாயா என்பார். வடக்கே போனால் சாய். இந்த இரண்டு பெயர்களும் சீனத்திலிருந்து வந்தவைதாம், அதுவும் ஒரே சீன எழுத்திலிருந்து! ஹொக்கியன்காரர் அந்த எழுத்தைத் 'தே' என்று வாசித்தார்; கந்தோனியரும் வடசீனரும் 'சா' என்று வாசித்தார்கள். புக்கியன் கரையில் கப்பல் ஏற்றிய டச்சுக்காரர்கள் 'தே'யை மேல்நாட்டுக்குக் கொண்டு போனார்கள். அதுதான் ஆங்கிலேயரின் 'டீ'. தரைவழியே ஒட்டகத்தின்மேல் போனது பாரசீகம் வழியாகச் 'சாய்' ஆயிற்று. மக்காவில் வியாபாரம் செய்த போர்த்துக்கீசியர் மட்டும் கப்பலில் போயும் 'சா' என்று கற்றுக்கொண்டார்கள்.

இப்போது பொருத்திப் பாருங்கள். எங்கே 'தே' என்கிறார்களோ அங்கே 'டான்'. எங்கே 'சா' என்கிறார்களோ அங்கே 'சான்', 'சென்', 'சின்'. ஒரே சட்டம்! அதே சட்டத்தின்படி ஹொக்கியன் 'தியோ' கந்தோனியில் 'சியோங்', மண்டரினில் 'சாங்'. ஹொக்கியன் 'தே' அல்லது 'தாய்' என்ற குடும்பப் பெயர் மண்டரினில் 'செங்'. மலாக்காவுக்குப் பெரும் கப்பல்படையோடு வந்த அட்மிரல் செங் ஹோவை நமக்கெல்லாம் தெரியும். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். அவரை ஒரு ஹொக்கியன் பாட்டி தம் பாஷையில் சொன்னால் அந்தச் 'செங்' 'தே' என்றே வரும்.

இந்த மாற்றம் சீனருக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று எண்ணவேண்டாம். நாமே நாள்தோறும் செய்கிறோம். 'படித்து' என்று எழுதிவிட்டுப் 'படிச்சு' என்கிறோம். 'அடித்தான்' என்று இலக்கணம் சொல்ல, 'அடிச்சான்' என்று வாய் சொல்கிறது. 'ஐந்து' 'அஞ்சு' ஆகிறது. த-கரம் சகரமாக வழுக்கும் போக்கு இது. சீனத்தில் வழுக்கியதற்கான காரணம் வேறு. ஆனால் நாக்கு போன திசை ஒன்றே. கன்னடத்தாரைப் பாருங்கள்: நமது 'செவி' அவர்களுக்குக் 'கிவி'. நமது 'செம்' அவர்களுக்குக் 'கெம்'; பெங்களூரைக் கட்டிய கெம்பே கௌடாவின் பெயரில் இருப்பது நமது செம்மைதான். அங்கே பழைய ககரம் நின்றுவிட்டது, இங்கே அது சகரமாகிவிட்டது. யார் சொல்வது சரி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஒரு வீட்டில் பழைய பாத்திரம் புழக்கத்தில் இருக்கிறது, இன்னொரு வீட்டில் புதியது. அவ்வளவே.

அப்படியானால் டான், சான் இரண்டில் எது பழையது? டான்தான் பழையது. இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சீனப் பண்டிதர் கண்டுபிடித்துவிட்டார். சியன் தாஷின் என்பது அவர் பெயர். 1728 முதல் 1804 வரை வாழ்ந்தவர். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று கேட்பதற்குச் சுவையானது. கி.மு. 672-இல் சென் நாட்டு இளவரசர் ஒருவர் உயிருக்குப் பயந்து சீ நாட்டுக்கு ஓடினார். அங்கே அவருடைய சந்ததி பெருகி, கடைசியில் அந்நாட்டின் அரசையே பிடித்துக்கொண்டது. பழைய வரலாற்று நூலில் அந்தக் குடும்பத்தை 'சென்' என்று எழுதாமல் 'தியன்' என்று எழுதியிருக்கிறார்கள். தியன் என்றால் வயல். ஓடிப்போனவர் ஏன் பெயரை மாற்றினார் என்று பலரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பண்டிதர் சொன்னார்: அவர் மாற்றவேயில்லை! அந்தக் காலத்தில் இரண்டு எழுத்தும் ஒரே ஓசை. அதாவது 'சென்' அன்று 'த' என்றே தொடங்கியது.

'த'வுக்கும் 'ச'வுக்கும் நடுவே ஒரு படி இருந்தது என்கிறார்கள் மொழி அறிஞர்கள். அந்த நடுப்படி எது தெரியுமா? நாக்கை மேலே மடித்துச் சொல்லும் நமது 'ட'! இதற்குச் சாட்சி இந்தியாவிலிருந்து போன புத்த சமய நூல்கள். சமஸ்கிருத, பாலிச் சொற்களில் வரும் டகரத்தைக் காட்ட, சீனத் துறவிகள் தேர்ந்தெடுத்தது இந்த வகை எழுத்துகளைத்தான். நமது புராணத்தில் குபேரன் மகன் நளகூபரன் வருகிறானே, குழந்தைக் கண்ணன் உரலோடு இழுத்துச் சாய்த்த மரத்திலிருந்து சாபவிமோசனம் பெற்றவன், அவனைப் பௌத்தர்கள் சீனாவுக்குக் கொண்டு போனார்கள். அவன் பெயர் 'நாடகூவர' என்று மருவி, 'நாட' என்று சுருங்கி எழுதப்பட்டது. அதில் 'ட' என்று நின்ற எழுத்தை இன்று மண்டரினில் 'ஜா' என்பதுபோல் வாசிக்கிறார்கள். ஆகவே நளகூபரன் 'நேஜா' ஆகிவிட்டான்! நெருப்புச் சக்கரத்தின்மேல் ஏறி நிற்கும் சிறுவனாக நம் நாட்டுச் சீனக் கோயில்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். நம் பிள்ளைகள் அவனைக் கார்ட்டூன் படத்தில் பார்க்கிறார்கள். டகரம் எப்படிச் ச-பக்கம் சாய்ந்தது என்பதற்கு அவனே உயிருள்ள சாட்சி.

வியட்நாமியர் இந்த நடுப்படியிலேயே பாதி நிற்கிறார்கள். 'ட்ரன்' என்று எழுதும் பெயரைத் தெற்கே நாக்கை மடித்து, ஏறக்குறைய நமது டகரமாகவே சொல்கிறார்கள். ஹனோயில் அது சகரமாகக் கேட்கிறது. ஒரே நாட்டுக்குள் இரண்டு காலங்கள்!

ஹொக்கியன்காரர்கள் மட்டும் ஏன் பழையதை விடவில்லை? அவர்களுடைய புக்கியன் மாநிலம் மலையும் கடலும் சூழ்ந்த மூலை. மாற்றம் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய கிளை தாய்மரத்திலிருந்து பிரிந்து தனியே வளர்ந்துவிட்டது. நகரத்துப் புது நாகரிகம் எட்டாத கிராமத்தில் பாட்டி காலத்துச் சொல் தங்கிவிடுவதில்லையா, அப்படித்தான்.

ஒரு குட்டி நாட்டின் பெயர்

குடும்பப் பெயர் பிறந்த கதைக்கு வருவோம். கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் சௌ வம்சத்து ஊ அரசர் பழைய ஆட்சியைக் கவிழ்த்தபின், புராணப் பெருமை மிக்க ஷுன் மன்னரின் வழிவந்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு சிறு நாட்டைக் கொடுத்தாராம். அதுதான் சென் நாடு. இன்றைய ஹெனான் மாநிலத்தில் ஹுவாய்யாங் என்ற ஊரை ஒட்டியது. 500 ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, பலசாலியான சூ நாட்டிடம் அது அழிந்தது. நாடு போயிற்று, மக்கள் நாட்டின் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டு சிதறினார்கள். ஷுன் மன்னர் பாகம் புராணமாகவே இருக்கட்டும். நாடு இருந்தது வரலாறு.

பிறகு அந்தப் பெயர் தெற்கு நோக்கியே நடந்தது. 557 முதல் 589 வரை தென்சீனாவில் ஒரு சென் அரச வம்சமே இருந்தது. ஆண்ட குடும்பத்தின் பெயரும் அரசின் பெயரும் ஒன்றாக இருந்தது சீன வரலாற்றில் அபூர்வம். 7-ஆம் நூற்றாண்டில் சென் யுவான்குவாங் என்ற தளபதி புக்கியனின் சாங்சௌ பகுதியைத் திருத்திக் குடியேற்றினார். டான் குடும்பத்தார் அவரைத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். வியட்நாமிலோ 1225 முதல் 1400 வரை ட்ரன் வம்சம் அரசாண்டது. அவர்களுடைய முன்னோரும் புக்கியன் பக்கத்தவர்களே என்பது வழக்கு. உலகத்தையே நடுங்க வைத்த மங்கோலியப் படையை 1258, 1285, 1288 ஆகிய மூன்று முறையும் திருப்பி அடித்தவர்கள் இந்த ட்ரன்கள். வியட்நாமியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இன்று ட்ரன். தைவானிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர்களின் முதலாவது பெரிய பெயர் இதுவே. சீனப் பெருநாட்டில் ஐந்தாவது இடம்.

மலாக்கா டான்களும் நமது பால்மரமும்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தப் பெயருக்கும் தோட்டத்து மக்களாகிய நமக்கும் நேரடிச் சொந்தம் உண்டு.

மலாக்கா பட்டணத்துக்குப் போனால் ஆற்றின்மேல் டான் கிம் செங் பாலம். 1862-இல் கட்டியது. அதன் பக்கத்தில் சிவப்பு மணிக்கூண்டு, 1886-இல் எழுந்தது, டான் பெங் சுவீ பெயரால். பாலத்தைத் தாண்டினால் துன் டான் செங் லோக் சாலை. சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கும் மலாக்காப் பிள்ளைதான். 1798-இல் இங்கே பிறந்து, சிங்கப்பூருக்குப் போய், காய்கறி விற்றுப் பிழைத்து முன்னேறி, 1844-இல் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவர்.

அவருடைய பேரர் ஒருவர், டான் சாய் யான். இந்தப் பெயரைத் தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி துரை, கோட்டுப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற தோட்டக்காரரையெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்று கெஞ்சுவாராம். காப்பிப் பயிரில் மயங்கிக் கிடந்த வெள்ளைத் துரைமார்கள் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். காது கொடுத்துக் கேட்டவர் மலாக்கா டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்று வைத்தார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து, குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர் அளவுக்கு விரித்தார். கன்று வளரும் வரை செலவைச் சரிக்கட்ட நடுவே மரவள்ளி. சில ஆண்டுகளில் அந்தத் தோட்டம் லண்டன் கம்பெனிக்குப் பெருந்தொகைக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு மலாயா முழுவதும் ரப்பர் வெறி பிடித்ததையும், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம் பாட்டன் பாட்டி வந்து இறங்கியதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டான் சாய் யான் 1916-இல் மலேரியாவில் இறந்தார். அதே கொசு எத்தனை லயங்களைக் காலி செய்தது! அவர் பெயரில் ஓர் ஆர்க்கிட் பூ இருக்கிறது, மகன் வளர்த்தது, 1954-இல் லண்டன் மலர்க் கண்காட்சியில் முதல்தரச் சான்று பெற்றது.

துன் டான் செங் லோக்கும் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பழகியவரே. 1883-இல் இன்று அவர் பெயரில் இருக்கும் அந்தத் தெருவிலேயே பிறந்தார். 1949-இல் மலாயாச் சீனர் சங்கத்தைத் தொடங்கித் தலைவரானார். மகன் துன் டான் சியூ சின் 1959 முதல் 1974 வரை நிதியமைச்சர். இவர்களையெல்லாம் சீனப் பத்திரிகை வாசிப்பவர்கள் மண்டரின் வழக்கப்படி 'சென்' என்றே சொல்வார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. 'டான்ஸ்ரீ' என்ற பட்டத்துக்கும் இந்த டானுக்கும் எந்த உறவும் இல்லை. அது மலாய்ப் பட்டம். ஒருவர் 'டான்ஸ்ரீ டான்' என்று இருந்தால் முதல் டான் அரசாங்கம் கொடுத்தது, இரண்டாவது டான் அப்பா கொடுத்தது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹொக்கியன்காரர் சொல்லும் 'டான்' உண்மையில் நமது 'ட'வும் அல்ல, 'த'வும் அல்ல. நாக்கின் நுனி பல்லுக்குச் சற்று மேலே ஈறில் பட்டு வருகிறது. பழந்தமிழில் 'காற்று', 'ஆற்று' என்பதில் இருந்த ஒலி இது. யாழ்ப்பாணத்தார் டொரான்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் அந்தப் பழைய ஒலியைத்தான் பிடிக்கிறார்கள். 'தான்' என்று எழுதினால் நமக்கு 'அவன்தான்', 'இவன்தான்' என்று குழப்பம் வரும். ஆகவே பத்திரிகைகள் 'டான்' என்று போடுவதே உசிதம்.

கிராணி எழுதியதே வேதம்

ஓர் எழுத்துக்கு இத்தனை வேடம் வந்ததற்கு இன்னொரு காரணம் ரோமன் எழுத்து. சீனத்தில் எழுதும்வரை எல்லாரும் ஒன்று. துறைமுகத்திலும், பிறப்புப் பதிவிலும், 1948-இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தபோதும், மேசைக்குப் பின்னால் இருந்த கிராணி தன் காதில் விழுந்ததை எழுதினார். ஹக்காத் தகப்பன் 'சின்' என்றான், எழுதினார். பூச்சோவ் தகப்பன் 'திங்' என்றான், எழுதினார். அன்று எழுதியது பேரன் காலம் வரை ஒட்டிக்கொண்டது.

இதை வாசிக்கும்போது நம் வீட்டு அடையாள அட்டைகளும் நினைவுக்கு வருமே! ஒரே லட்சுமி ஒரு தோட்டத்தில் 'லெட்சுமி', அடுத்த தோட்டத்தில் 'லெட்சிமி', பட்டணத்தில் 'லக்ஷ்மி'. சுப்பிரமணியம் ஓர் அட்டையில் 'ப' போட்டு, ஓர் அட்டையில் 'ப' இரட்டித்து. ஆறுமுகத்தின் நடுவிலிருந்த உகரம் காணாமல் போனது எத்தனை அட்டைகளில்? சீனருக்காவது தம் எழுத்து இருக்கிறது. கல்லறையில் அதை வெட்டிவிடுகிறார்கள். நமக்கு ஓர் எழுத்து பிசகினால், ஊழியர் சேமநிதிப் பணம் எடுக்கும்போதோ நிலப் பத்திரம் மாற்றும்போதோ "இவரும் அவரும் ஒருவரே" என்று சத்தியப் பிரமாணம் செய்யும்படி ஆகிறது. தாய்மார்களே, உங்கள் பேரப்பிள்ளையின் பெயரைப் பதியப் போகிறவர்களிடம் எழுத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

மற்ற நாடுகளில் எழுத்துப் பிசகோடு நிற்கவில்லை. இந்தோனேசியாவில் 1966-க்குப் பிறகு சீனர்கள் உள்ளூர்ப் பெயர் வைக்கத் தூண்டப்பட்டார்கள். டான்கள் பலர் தனுஜயா, சுதந்தோ, ஹர்தந்தோ என்று மாறினார்கள். கூர்ந்து பாருங்கள், எல்லாவற்றிலும் அந்தத் 'தான்' ஒளிந்திருக்கிறது! ஊர் போனாலும், எழுத்து போனாலும், ஓர் ஓசையையாவது மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1980-களில் பள்ளிப் பிள்ளைகளின் பெயரை மண்டரின் முறைப்படி எழுதச் சொன்னபோது, தகப்பன் 'டான்', பிள்ளை 'சென்' என்று ஆயிற்று. பெற்றோர்களுக்கு அது பிடிக்கவில்லை; பிறகு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பிடிக்காமல் போனதில் வியப்பென்ன? பழையதைக் காத்துவந்தது டான் அல்லவா!

கல்யாணம் நின்ற காரணம்

இந்த விஷயம் வெறும் உச்சரிப்போடு முடிவதில்லை. நம்மில் பங்காளி முறையில் பெண் எடுப்பதில்லை; கோத்திரம் பார்ப்பவர்கள் ஒரே கோத்திரத்தில் கொடுப்பதில்லை. அதைப் போலவே, ஒரே குடும்பப் பெயருக்குள் கல்யாணம் கூடாது என்பது சீனரின் பழைய விதி. மஞ்சு அரசர் காலம்வரை அது சட்டமாகவே இருந்தது. கொரியாவில் ஒரே பெயரும் ஒரே பூர்வீகமும் உடையவர்கள் மணப்பதற்கு இருந்த தடையை நீதிமன்றம் நீக்கியது 1997-இல்தான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் 'டான்'. ஒரு பையன் 'சான்'. அடையாள அட்டையைப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. இருவரும் மலாய்ப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படித்தவர்கள், சீன எழுத்துத் தெரியாது. பழகிவிட்டார்கள். பெரியவர்களிடம் வந்து சொல்கிறார்கள். பாட்டி ஒரு தாளை எடுத்து எழுதச் சொல்கிறாள், பையன் வீட்டார் எழுதிக் கொடுக்கிறார்கள், காதும் கிழக்கும்! "அண்ணன் தங்கை முறை" என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்படி அந்தக் காலத்தில் கண்ணீரோடு முடிந்த கதைகள் நம் நாட்டில் ஒன்றிரண்டு அல்ல. இன்றைய சட்டம் இதைத் தடுப்பதில்லை, இளைஞர்களும் பொருட்படுத்துவதில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு குட்டி நாட்டின் பெயரைக் கொண்டு கோடிக்கணக்கானவர்களை அண்ணன் தங்கையாக்கினால் தைவானில் பாதிப் பேருக்கு வரன் தேடுவதே கஷ்டமாகிவிடுமே! ஆனாலும் வயதான சீனத் தாய்மார்களின் மனத்தில் அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. நாம் அதைக் கேலி செய்ய முடியாது. நம் வீட்டுப் பெரியவர்களும் குலதெய்வம் எது என்று கேட்டுவிட்டுத்தானே தாம்பூலம் மாற்றுகிறார்கள்?

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்து, சீன எழுத்தில் வேறாக இருப்பவர்கள். சீனாவிலிருந்து வருகிற ஒருவர் 'டான்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அவர் நமது டான் அல்ல. கந்தோனியர் 'தாம்' என்று சொல்லும் வேறு பெயர்க்காரர். ஹொக்கியன்காரர் ஒருவர் 'சான்' என்றிருந்தால் அவர் மண்டரினில் 'செங்' என்பதுபோல் ஒலிக்கும் இன்னொரு பெயர்க்காரராக இருக்கலாம். 'திங்' என்றால் இரண்டு வகை, 'சின்' என்றாலும் அப்படியே. நடிகர் ஜெக்கி சானின் கதை இன்னும் ஒரு படி மேல். எழுத்து காது-கிழக்குதான், ஆனால் பூர்வீகக் குடும்பப் பெயர் 'ஃபாங்'. தகப்பனார் காலத்துக் கலவரங்களில் மாற்றிக்கொண்டதாம்.

தொடக்கத்தில் சொன்ன ஒலிம்பிக் வீரர்களில் 'கோ' இருவரும் ஒரே பெயரினர். அதையே கந்தோனியர் 'எங்' என்று மூக்காலேயே சொல்வார்கள், மண்டரினில் 'வூ'. அது தனிக் கதை.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று வழி சொல்கிறேன். கடைப்பலகையில் சீன எழுத்து இருந்தால் அந்தப் 'பி' வளைவைத் தேடுங்கள். பழைய பாணி வீடாக இருந்தால் வாசல் நிலைக்கு மேலே பலகையைப் பாருங்கள். குடும்பத்தின் பூர்வீகப் பெருமையைச் சொல்லும் இரண்டு எழுத்து இருக்கும். டான் வீடானால் அது பெரும்பாலும் ஹொக்கியனில் 'எங் சுவான்' என்று வாசிக்கப்படும். பினாங்கு டான் கொங்சியின் பெயரும் அதுவே. மலாக்கா புக்கிட் சீனாவில் 12,000-க்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அங்கேயும் கல்லின்மேல் அந்த எழுத்து பலமுறை கண்ணில் படும்.

மூன்றாவது வழி எளிது. அடுத்த முறை தவுக்கே சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "தவுக்கே, உங்கள் பெயர் காதும் கிழக்குமா?" என்று மலாயில் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிடும்.